சபை உறுப்பினரும் அரசியலும்: சிங்கப்பூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உறுப்பினர் வகுப்பில் ஞானஸ்நானம், திருவிருந்து, காணிக்கை எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகும் அரசியலைப் பற்றிய கேள்விகள் மிச்சம் இருக்கும். பலர் அவற்றைத் தனியாக வந்துதான் கேட்பார்கள். அப்படி வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இவை ஒரு தமிழ்ச் சபையில் மூப்பர் பொறுப்பில் இருக்கும் ஒருவரின் பதில்கள். சட்டச் சிக்கல் ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் வழக்கறிஞரைப் பாருங்கள். கத்தோலிக்கர், மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே என்று நடைமுறை மாறுகிற இடங்களை ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

நான் ஒரு கட்சியில் இருக்கிறேன். சபையில் உறுப்பினராகச் சேர அது தடையா?

தடை இல்லை. சபை கேட்பது உங்கள் விசுவாசத்தை. ஞானஸ்நானம் பெற்றவரா, திடப்படுத்தல் எடுத்தவரா, உறுதிமொழியை மனதாரச் சொல்வீர்களா, ஆராதனையிலும் ஊழியத்திலும் பங்கெடுப்பீர்களா என்று பார்க்கும். வேறு சபையிலிருந்து வருகிறவர் என்றால் மாற்றுக் கடிதம் கேட்கும். அவ்வளவுதான். எந்தக் கட்சி என்று கேட்கும் கட்டம் விண்ணப்பப் படிவத்தில் இருந்தால், அந்தப் படிவத்தைத்தான் மாற்ற வேண்டும்.

நாடாளுமன்றத் தேர்தலில் நிற்பவருக்கும் சமய நிபந்தனை கிடையாது. குடிமகனாக இருக்க வேண்டும், 21 வயது நிறைந்திருக்க வேண்டும், ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகியவற்றில் ஒன்றையாவது பேசவும் எழுதப்படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்று அது கேட்பதில்லை.

ஆளுங்கட்சி என்றால் பரவாயில்லை, எதிர்க்கட்சிக்காரர் சபையில் இருந்தால் எல்லாருக்கும் தொந்தரவு என்கிறார்களே?

இந்தப் பயம் நம் பெரியவர்களிடம் ஆழமாக வேரூன்றியது. அதை மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. 1981 அக்டோபரில் ஆன்சன் இடைத்தேர்தலில் பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்தினம் வென்று நாடாளுமன்றத்துக்குள் போனார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தவர். எதிரே அமைச்சர்கள் வரிசையில் எஸ். தனபாலன் இருந்தார். மக்கள் செயல் கட்சிக்காரர், வெளியுறவு அமைச்சர், பிரதரன் சபை விசுவாசி. தமிழ்க் கிறிஸ்தவர்கள் இருவர் 1986 வரை ஒரே மன்றத்தில் எதிரெதிரே அமர்ந்திருந்தார்கள். ஒருவருடைய விசுவாசம் இன்னொருவருடையதைவிடக் குறைந்தது என்று எந்தத் திருச்சபையும் சொன்னதில்லை. 2008ல் ஜெயரத்தினம் காலமானபோது இறுதி ஆராதனை செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தில் நடந்தது.

தனபாலனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் 1992ல் அமைச்சரவையை விட்டு விலகினார். 1987 கைதுகளை (அடுத்த கேள்வியில் சொல்கிறேன்) கையாண்ட விதம் அவருக்கு ஒப்பவில்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்து முன்னாள் பிரதமர் கோ சோக் தோங் வெளியில் சொன்னார். கட்சியில் இருப்பது மனச்சாட்சியை அடகு வைப்பது ஆகாது என்பதற்கு நம்மிடையே இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1987ல் என்ன நடந்தது? பெரியவர்கள் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

1987 மே 21 அன்று உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 16 பேர் கைது செய்யப்பட்டார்கள். ஜூன் மாதத்தில் இன்னும் ஆறு பேர். அவர்களில் பலர் கத்தோலிக்கத் திருச்சபையின் சமூகப் பணிகளில் இருந்தவர்கள். மார்க்சியச் சதி என்றது அரசாங்கம். கைதானவர்களில் பலர் பிற்பாடு அதை மறுத்தார்கள். விசாரணை நீதிமன்றத்தில் நடக்காததால் அந்தக் கருத்து வேறுபாடு இன்றுவரை தீராமல் நிற்கிறது. பேராயர் கிரகரி யோங் கடைசியில் அரசாங்கத்தின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டார். அந்த டிசம்பரில், இங்கே தலைமையகம் வைத்திருந்த ஆசியக் கிறிஸ்தவ மாநாடு என்ற அமைப்பும் வெளியேற்றப்பட்டது.

1989ல் வெள்ளை அறிக்கையும் 1990ல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டமும் வந்ததற்கான பின்னணிகளில் இதுவும் ஒன்று. அந்தக் காலத்தை வாலிபப் பருவத்தில் கடந்தவர்கள் சபையில் அரசியல் என்ற சொல்லைக் கேட்டதும் ஏன் குரலைத் தாழ்த்துகிறார்கள் என்பது இதைத் தெரிந்தால் புரியும். அவர்களைக் கோழைகள் என்று இளையவர்கள் பேசும்போது எனக்கு வலிக்கிறது. வெளிநாட்டு ஊழியருக்கும் வீட்டுப் பணிப்பெண்களுக்கும் உதவுவதே சந்தேகத்துக்கு உரியதாகிவிடுமோ என்று அஞ்சிய காலம் அது. அதைத் தாண்டியும் அந்தப் பணிகளைக் கைவிடாமல் வைத்திருந்தவர்கள் பலர்.

சட்டம் சரியாக எதைத் தடுக்கிறது?

அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சமயத்தைப் பின்பற்றவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1992ல் நடப்புக்கு வந்த சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் அதற்கு ஓர் எல்லை போடுகிறது. சமயத்தின் பெயரில் ஓர் அரசியல் நோக்கத்தையோ கட்சியையோ முன்னெடுப்பது, சமயங்களுக்கிடையே பகை மூட்டுவது, அரசாங்கத்தின்மீது வெறுப்பைக் கிளறுவது போன்றவற்றுக்காக ஒரு போதகருக்கோ சபைப் பொறுப்பாளருக்கோ உள்துறை அமைச்சர் தடை உத்தரவு போடலாம். 2019ல் திருத்தம் விவாதிக்கப்பட்டபோது, அதுவரை ஒரு தடை உத்தரவுகூடப் போடப்படவில்லை என்று அரசாங்கம் சொன்னது. அந்தத் திருத்தம் 2022 நவம்பரில் நடப்புக்கு வந்தது. இப்போது உத்தரவு உடனடியாகச் செல்லும். முன்பிருந்த 14 நாள் அவகாசம் இல்லை.

அரசியல் கருத்து வைத்திருப்பதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை. ஒரு குடிமகன் கட்சி அலுவலகத்துக்குப் போகலாம், கூட்டத்தில் பேசலாம், வேட்பாளருக்காகத் துண்டறிக்கை கொடுக்கலாம். சபை மூப்பராக, சபையின் பெயரில், வேதவசனத்தைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு அதைச் செய்யும்போதுதான் எல்லை மீறுகிறது.

அப்படியானால் பிரசங்கத்தில் சமூகப் பிரச்சினைகளைத் தொடவே கூடாதா?

தொடலாம், தொடவும் வேண்டும். சூதாட்டத்தால் ஒரு குடும்பம் சிதைகிறது என்று போதகர் பேசினால் அது அரசியல் ஆகிவிடாது. சூதாட்டக்கூடங்களுக்கு அனுமதி தருவது பற்றி நாடே விவாதித்தபோது திருச்சபைகள் தங்கள் எதிர்ப்பை வெளிப்படையாகவே சொல்லின. 2005 ஏப்ரலில் அரசாங்கம் அனுமதி தந்தது. திருச்சபைகள் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, கலகமும் செய்யவில்லை. 2022ல், ஆண்களுக்கிடையேயான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப்பிரிவு நீக்கப்பட்டபோதும் இப்படித்தான். சிங்கப்பூர் தேசிய தேவாலய மன்றமும் கத்தோலிக்க உயர்மறைமாவட்டமும் திருமணத்தைப் பற்றிய தங்கள் போதனையையும் கவலையையும் அறிக்கையாக வைத்தன. நவம்பர் 29 அன்று நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. திருமணத்தின் வரையறையை நாடாளுமன்றமே முடிவு செய்யும் என்பதற்காக அரசமைப்புச் சட்டத்தில் 156ஆம் பிரிவையும் சேர்த்தது. அந்த வாக்கெடுப்பில் பாட்டாளிக் கட்சி தன் உறுப்பினர்களை மனச்சாட்சிப்படி வாக்களிக்க விட்டது. ஆகவே 'உண்மைக் கிறிஸ்தவன் இந்தக் கட்சிக்குத்தான் போடுவான்' என்று அந்த விவகாரத்தை வைத்து யாராவது சொன்னால், நடந்ததை அவர்கள் சரியாகப் பார்க்கவில்லை.

எல்லை மீறினால் எப்படி இருக்கும் என்பதற்கு 2009ல் நடந்ததைச் சொல்லலாம். அவேர் என்ற மகளிர் அமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு குழு நிர்வாகத்தைக் கைப்பற்றியது. அவர்களில் பலர் ஒரே சபையைச் சேர்ந்தவர்கள். அந்தச் சபையின் பிரசங்க மேடையிலிருந்தே அவர்களுக்கு ஆதரவும் கேட்கப்பட்டது. தேசிய தேவாலய மன்றம் உடனே தன் நிலையைச் சொன்னது: தனிக் கிறிஸ்தவர்கள் பொது விஷயங்களில் ஈடுபடலாம், ஆனால் பிரசங்க மேடையை அதற்குப் பயன்படுத்துவதை ஏற்க முடியாது. மூத்த போதகர் வருத்தம் தெரிவித்தார். மே 2 அன்று சன்டெக்கில் நடந்த சிறப்புக் கூட்டத்தில் 1,414க்கு 761 என்ற கணக்கில் அந்த நிர்வாகத்தின்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறியது. அந்தச் சபையில் அன்று உட்கார்ந்திருந்த எல்லாரும் அதை ஆதரித்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு எழுந்து பதில் சொல்ல வழியில்லை. மேடையிலிருந்து வருகிற அரசியலில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதை எதிர்ப்பேன்.

ஒருவரை அவருடைய அரசியலுக்காகச் சபையிலிருந்து நீக்க முடியுமா?

ஒவ்வொரு திருச்சபைக்கும் ஒழுங்கு விதிகள் உண்டு. பாவம், அவதூறு, தவறான போதனை போன்றவற்றுக்கு அவை பொருந்தும். ஓட்டுப் போட்டதற்கோ கட்சியில் சேர்ந்ததற்கோ பொருந்தா. வரலாற்றில் விதிவிலக்கு இருந்தது: 1949ல் ரோமாபுரி, கம்யூனிசக் கொள்கையை ஏற்றுப் பரப்பும் கத்தோலிக்கர் திருச்சபைக்குப் புறம்பானவர்கள் என்று ஆணை போட்டது. மறுபக்கம், அரசே ஒரு சமயக் குழுவைக் கலைத்ததும் இங்கே நடந்தது. தேசிய சேவையை மறுத்த காரணத்தால் யெகோவாவின் சாட்சிகள் அமைப்பின் பதிவு 1972ல் ரத்து செய்யப்பட்டது. நம் சபைகளில் இந்த இரண்டு நிலையும் இல்லை.

உங்களை மறைமுகமாக ஒதுக்குகிறார்கள், ஊழியப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள் என்று தோன்றினால் போதகரிடம் நேரில் கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். மெதடிஸ்ட் சபையில் அதற்கு மேலே மாவட்டக் கண்காணிப்பாளர், ஆண்டு மாநாட்டுத் தலைவர் என்று படிகள் உண்டு. தமிழ்ச் சபைகளுக்கு இம்மானுவேல் தமிழ் ஆண்டு மாநாடு. தன்னாட்சிச் சபைகளில் இந்தப் படிகள் இல்லை. சேருவதற்கு முன்பே அங்கே சட்டதிட்டத்தை வாங்கிப் படித்துவிடுங்கள்.

போதகர் தேர்தலில் நிற்கலாமா?

கத்தோலிக்கக் குருக்களுக்குத் திருச்சபைச் சட்டமே தடை. 285ஆம் விதி அரசு அதிகாரமுள்ள பதவிகளை விலக்குகிறது. 287ஆம் விதி கட்சிகளில் தீவிரமாக ஈடுபடுவதைத் தடுக்கிறது. மற்றத் திருச்சபைகளில் ஒரே மாதிரி விதி இல்லை. என் கருத்து: நிற்க விரும்பும் போதகர் முதலில் பொறுப்பிலிருந்து விலகட்டும். மூப்பர், பொருளாளர், வாலிபர் தலைவர் நின்றாலும் அந்தக் காலத்துக்குப் பொறுப்பை ஒப்படைத்துவிடுவது நல்லது.

சபை வாட்ஸ்அப் குழுவில் தேர்தல் செய்தி போடலாமா?

சபையின் பெயரில் இருக்கும் குழுவில் வேண்டாம். ஜெபக் குறிப்பும் மரண அறிவிப்பும் வருகிற இடத்தில் கட்சிச் சுவரொட்டி வந்தால் யார் மனமாவது புண்படும். நண்பருக்குத் தனியாக அனுப்புவது உங்கள் உரிமை. ஆனாலும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். 2011 பொதுத் தேர்தலிலிருந்து வாக்களிப்புக்கு முந்தைய நாள் பிரசார ஓய்வுநாள். அன்று தனிமனிதர் தன் கருத்தை இன்னொருவருக்கு அனுப்ப விலக்கு உண்டு. சபைக் குழு அந்த விலக்கில் வருமா என்று சோதித்துப் பார்க்காதீர்கள். பொய்ச் செய்தியைத் தடுக்க 2019ல் வந்த சட்டம் வாட்ஸ்அப்புக்கும் பொருந்தும். வெளிநாட்டவர் தேர்தல் பிரசாரத்தில் ஈடுபடவே கூடாது. ஊரிலிருக்கும் மாமாவோ சித்தப்பாவோ அனுப்பியதை அப்படியே தட்டிவிடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

2025 மே 3 பொதுத் தேர்தலுக்கு முன்பு, சமயத்தை வைத்து வாக்காளர்களைத் திருப்பப் பார்த்த வெளிநாட்டவர் சிலரின் ஃபேஸ்புக் பதிவுகளை இங்கே முடக்க உத்தரவு போடப்பட்டது. அது கிறிஸ்தவர் சம்பந்தப்பட்டதன்று. நம்மிடமும் அப்படி வந்தால் இதே விதிதான்.

நான் ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறேன். சபையில் உறுப்பினராகலாமா? இந்தியாவில் கிறிஸ்தவர்கள் தாக்கப்படும்போது இங்கே என்ன செய்யலாம்?

உறுப்பினராகலாம். சொந்த ஊர்ச் சபையின் உறுப்பினர் பதிவை வைத்துக்கொண்டு இங்கே இணை உறுப்பினராக இருப்பவர்களும் உண்டு. சபையைப் பொறுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

2023ல் மணிப்பூரில் தேவாலயங்கள் எரிந்தபோது பல தம்பிமார் தூக்கமில்லாமல் இருந்தார்கள். ஆராதனையில் பெயர் சொல்லி ஜெபிக்கலாம், அழலாம், உபவாசம் இருக்கலாம். அனுமதி இல்லாமல் பொது இடத்தில் மெழுகுவத்தியோடு கூடுவது, பதாகை பிடிப்பது ஆகியவை பொது ஒழுங்குச் சட்டத்தின் கீழ்க் குற்றம். ஹொங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையிலும் வெளிநாட்டவர் பங்கெடுக்க முடியாது. வேலையையும் விசாவையும் இழப்பது நீங்கள் மட்டும் அல்ல, ஊரில் உங்களை நம்பியிருப்பவர்களும்தான். இந்துச் சகோதரர்களைக் குறை கூறும் பேச்சாக அந்த ஜெபம் மாறிவிடக் கூடாது என்பதிலும் கவனம் தேவை. உங்கள் அறையில் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவர் இந்துவாக இருப்பார். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வாங்கி வருகிறவரும் அவராகவே இருப்பார்.

எங்களை ஏன் சபைக் கமிட்டியில் போடுவதில்லை? உழைப்பதெல்லாம் நாங்கள்தானே?

நியாயமான ஆதங்கம். சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தின் 2019 திருத்தப்படி தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையினர் குடிமக்களாக இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து பணமும் அரசியலும் சபைகளுக்குள் நுழைவதைத் தடுக்கவே இந்த விதி. 10,000 வெள்ளியும் அதற்கு மேலும் வரும் வெளிநாட்டு நன்கொடைகளைத் தெரிவிக்கும் விதியும் அதனோடு வந்தது. விதிவிலக்குக் கேட்கவும் இடமுண்டு.

ஆனால் கமிட்டியில் இடமில்லை என்பதும் கருத்துக் கேட்கப்படவில்லை என்பதும் ஒன்றல்ல. பாடகர் குழு, சமையல், ஒலிபெருக்கி, வாகன ஏற்பாடு எல்லாம் ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் சகோதரர்கள் தோளில் நிற்கும் சபைகள் உண்டு. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆராதனை நேரத்தை மாற்றுவது சட்டத்தின் குற்றமன்று, நம் குற்றம். வாக்கில்லாத ஆலோசனைக் குழு அமைக்க எந்தச் சட்டமும் தடையில்லை.

ஊரிலிருந்து பிரசங்கியார் வருகிறார். என்ன ஏற்பாடு?

வெளிநாட்டவர் இங்கே சமயக் கூட்டத்தில் பேச மனிதவள அமைச்சின் அனுமதி தேவை. முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். 2017ல் இரண்டு வெளிநாட்டுக் கிறிஸ்தவப் பிரசங்கிகளுக்கு, மற்றச் சமயங்களை இழிவாகப் பேசியதற்காக, அனுமதி மறுக்கப்பட்டது. 2018ல் ஒரு மாநாட்டில் அமெரிக்கப் பிரசங்கி ஒருவர் முஸ்லிம்களைப் பற்றிப் பேசியதற்கு, அழைத்த சபையின் போதகர் முஸ்லிம் தலைவர்களைச் சந்தித்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. வருகிறவரிடம் இதையெல்லாம் விமான நிலையத்தில் சொல்லாதீர்கள், அழைக்கும்போதே எழுதிவிடுங்கள்.

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு எம்.பி.யைக் கூப்பிடலாமா? சபைப் பணத்தில் கட்சிக்கு உதவலாமா?

தொகுதி எம்.பி.யை, எந்தக் கட்சியாக இருந்தாலும், கூப்பிடலாம். தேர்தல் அறிவித்த பிறகு வேண்டாம். பணம் கூடவே கூடாது. கட்சிக்கு நன்கொடை தரத் தகுதி உள்ளவர்கள் 21 வயது நிறைந்த குடிமக்களும் சிங்கப்பூரர் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களும்தான். காணிக்கை தேவனுக்கென்று கொடுத்தது.

வெளி அரசியலை விடுங்கள், சபைக்குள்ளே நடக்கும் அரசியலுக்கு என்ன பதில்?

பலர் சபையை விட்டுப் போவதற்கு இது காரணமாகிறது. தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்களுக்குத் திருமண்டலத் தேர்தல், அதாவது பல சபைகளைச் சேர்த்து ஆளும் நிர்வாகத்துக்கான தேர்தல், எப்படி இருக்கும் என்று தெரியும். அணி, சுவரொட்டி, வேன், பிரியாணி, கடைசியில் வழக்கு. நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதியை நிர்வாகியாக அமர்த்திய திருமண்டலமும் உண்டு. எந்தச் சேகரத்துக்காரர் (ஒரு போதகரின் கீழுள்ள சபைத் தொகுதி), எந்தச் சாதி என்று ஓட்டை எண்ணும் வழக்கத்தை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். இங்கே வெளிப்படையாக யாரும் சாதியைக் கேட்பதில்லை. 'உங்களுக்கு ஊர் எது, அப்பா பேர் என்ன' என்று சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். கமிட்டித் தேர்தலுக்கு முந்தின மாதத்தில் அந்தக் கேள்வி அதிகமாகக் கேட்கும்.

செய்யக்கூடியது சில உண்டு. பதவிக் காலத்துக்கு வரம்பு வையுங்கள். அது தீர்ந்தவர் ஒரு தவணையாவது வெளியே இருக்கட்டும். கணக்கை ஆண்டுக் கூட்டத்தில் வாசிப்பதோடு நிறுத்தாமல் இரண்டு வாரம் முன்பே உறுப்பினர் கையில் கொடுங்கள். சபைச் சண்டைகளில் பாதி கணக்கு தெரியாததால் வருகிறது. கணவன், மனைவி, மச்சான் ஒரே கமிட்டியில் இருக்க வேண்டாம். உறுப்பினர் பட்டியலைத் தேர்தலுக்கு முந்தின வாரத்தில் திருத்தாதீர்கள். வராதவர்களை வேனில் அழைத்து வந்து வாக்களிக்க வைப்பதும், கேள்வி கேட்பவரை 'வருகைக் குறைவு' என்று நீக்குவதும் ஒரே அநீதியின் இரு கைகள். பெண்கள் அதிகம் உழைக்கும் சபையில் கமிட்டி முழுக்க ஆண்களாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

தோற்றவர் தனிச் சபை தொடங்குவது நம்மிடம் சர்வசாதாரணம் ஆகிவிட்டது. போதனையில் உண்மையான வேறுபாடு இருந்தால் பிரியலாம். தேர்தலில் தோற்றதற்காகப் பிரிகிற சபையில் அடுத்த தேர்தலும் இப்படியேதான் முடியும்.

யாருக்கு ஓட்டுப் போடுவது என்று போதகரிடம் கேட்கலாமா?

எப்படி யோசிப்பது என்று கேளுங்கள். ஏழை, முதியவர், வெளிநாட்டு ஊழியர், குடும்பம், நேர்மை, பிற சமயத்தாரோடு சமாதானம் ஆகியவற்றைப் பற்றி வேதம் சொல்வதை அவர் எடுத்துக்காட்டலாம். பெயர் சொல்லச் சொல்லி அவரை இக்கட்டில் தள்ளாதீர்கள். ஓட்டு ரகசியமானது. வாக்களிப்பது இங்கே கட்டாயம் என்பதால், அரசியல் எனக்கு வேண்டாம் என்று வீட்டில் இருப்பதும் நமக்கு வழியில்லை.

ஆராதனையில் அரசியல்வாதிகளுக்காக ஜெபிக்கலாமா? பெயர் சொல்லலாமா?

ஜெபிக்க வேண்டும், அதிகாரத்தில் உள்ளவர்களுக்காக ஜெபிக்கச் சொல்லி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறார். அதிபர், பிரதமர், அமைச்சர்கள், நாடாளுமன்றத்தில் இரு பக்கமும் இருக்கிறவர்கள், தொகுதி எம்.பி. எல்லாரையும் சொல்லுங்கள். ஒரு கட்சிக்காரர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு ஆமென் போடாதீர்கள். தேர்தல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தை நடத்துகிறவருக்கு இதை முந்தின நாளே சொல்லி வையுங்கள், தோற்ற வேட்பாளர்களையும் அவர்கள் குடும்பங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்களுக்காகத் தெருத்தெருவாக நடந்தவர்கள் உங்கள் சபையிலேயே இருப்பார்கள்.